ஸ்பிரிங் துப்பாக்கியும் உப்புக் காற்றும்

எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் பனங்காடு. பனங்காடு முடிகிற இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மணல்மேடு. அதற்கும் அப்பால் மன்னார் வளைகுடா. அந்த மேட்டின் அடியில் கடல் மணல் நிரப்பிய சாக்குகளை மார்பளவுக்கு அடுக்கி, அவற்றின் முன்னால் ஒரு பலகையை நட்டு, அதில் அட்டைகளைக் குத்திவைத்து, ஏறத்தாழ 35 ஆண்டுகளாக ஒரே காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வருகிறேன். அது என் தாய்மாமன் மதுரையில் வாங்கி வந்தது; ஜெர்மனியின் டயானா 35 என்ற மாடலை அடியொற்றி இந்தியாவில் செய்யப்பட்டது; குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டிய வகை. ராமநாதபுரத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பிசிபி துப்பாக்கி ஒன்றை வாங்கினார். உயர் அழுத்தத்தில் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, விசையை இழுக்கும்போதெல்லாம் அதிலிருந்து சிறிது சிறிதாகச் செலவழிக்கும் வகை அது. அதையும் இந்த மூன்று ஆண்டுகளில் நிறையச் சுட்டிருக்கிறேன். என் துப்பாக்கியைவிட அது துல்லியமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இருந்தும் வெயில் தாழ்ந்ததும் என் கை போவது பழைய துப்பாக்கியின் மேல்தான். ஏன் என்று நண்பர் பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அரைகுறையாகவே பதில் சொன்னேன். இங்கே முழுதாகச் சொல்ல முயல்கிறேன்.

இந்தக் கரையில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஸ்பிரிங் துப்பாக்கியை முதன்முதலில் தொட்டது திருவிழாக் கடையில்தான் இருக்கும். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனத்துக்கும் கூட்டம் சேரும்போது, மிட்டாய்க் கடைகளுக்கும் வளையல் கடைகளுக்கும் நடுவே பலூன் சுடும் கடை ஒன்று இருக்கும். கடைக்காரரே குழலை மடக்கி, ரவையைப் போட்டு, நம் கையில் நீட்டுவார். அந்தத் துப்பாக்கிகளின் ஸ்பிரிங் ஆயிரக்கணக்கான முறை அழுந்தி ஓய்ந்து போயிருக்கும். குறிமுள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பத்து வயதில் ஐந்து ரவைகளையும் வீணாக்கிவிட்டு நான் கண் கலங்கி நின்றபோது, மாமா அதே துப்பாக்கியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். முதல் ரவையை அவர் எந்தப் பலூனையும் குறித்துச் சுடவில்லை. தட்டியில் இருந்த ஒரு கரும்புள்ளியைக் குறித்துச் சுட்டார். அது வலப்பக்கம் நான்கு விரற்கடை தள்ளிப் பட்டது. அடுத்த நான்கு ரவைகளுக்கு நான்கு பலூன்கள் வெடித்தன. “துப்பாக்கி பொய் சொல்லாது மாப்ளே. தப்பாப் போனாலும் ஒரே மாதிரித்தான் போகும். அந்தத் தப்பு எவ்வளவுன்னு முதல்ல கேட்டுக்கணும்” என்றார்.

அந்தத் துப்பாக்கிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் அதன் ஈர்ப்பைச் சொல்ல முடியாது. ஸ்பிரிங் துப்பாக்கியில் சேமித்து வைத்த காற்று எதுவுமே இல்லை. குழலுக்குப் பின்னால் ஓர் இரும்பு உருளை. அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனுக்குப் பின்னால் கனத்த ஸ்பிரிங். குழலை மடக்கும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்பிரிங்கை அழுத்தி, கொக்கியில் மாட்டிவிடும். சுமார் 15 கிலோ எடையை இழுப்பதற்கான பலம் அதற்கு வேண்டும். விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்கிறது. அதன் முன்னால் அமைதியாகக் கிடந்த, நாம் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்று, ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் நசுங்கி, சிறு துளை வழியே ரவையின் முதுகில் மோதுகிறது. இவ்வளவு வேகமாக அழுத்தப்படும் காற்றின் வெப்பம் பல நூறு டிகிரிக்கு ஏறிவிடும். விசைப்படகின் டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றிக்கொள்வது இந்த வெப்பத்தால்தான். துப்பாக்கியின் உருளைக்குள் எண்ணெயை அளவு மீறி விட்டால் இங்கும் அதுவே நடக்கும். வெடிச்சத்தமும் புகையும் வரும், பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் தடுக்கும் சீல் கருகும். பலம் கூடிவிட்டது என்று எண்ணி எண்ணெயை ஊற்றுகிறவர்கள் துப்பாக்கியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ரவையின் உருவமும் கவனிக்கத் தக்கது. இடை சிறுத்து, உடுக்கையைப் போல இருக்கும், 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையின் எடை ஏறத்தாழ அரை கிராம். பின்பக்கம் குழிவாக இருப்பதால் காற்று மோதும்போது அதன் விளிம்பு விரிந்து, குழலுக்குள் முறுக்கிச் செல்லும் வரிகளில் இறுகப் பதிந்துகொள்கிறது. அதனால் காற்று கசிவதில்லை. ரவை சுழன்றபடி வெளியேறுகிறது. ரவை இல்லாமல் வெறுமனே சுட்டால், எதிர்த்து நிற்க எதுவும் இல்லாத பிஸ்டன் உருளையின் முனையில் நேரடியாகப் போய் மோதும். வெற்றுத் துப்பாக்கியைச் சுடாதே என்று மாமா அடித்துச் சொன்னதன் காரணம் இது. குழல் மடங்கியிருக்கும்போது அதைப் பிடித்திருக்கும் கையை எடுக்காதே என்பதும் அவருடைய கட்டளை. அந்த நேரத்தில் விசை இழுபட்டால் குழல் சட்டென நிமிர்ந்து விரல்களை நசுக்கிவிடும்.

இனி உதைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

கால் கிலோ எடை கொண்ட பிஸ்டன் முன்னால் பாயத் தொடங்கிய கணத்தில் துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் உருளையின் முனையை நெருங்கி, தான் அழுத்திய காற்றின் மேலேயே மெத்தையில் விழுந்ததுபோல முட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுபடுகிறது. ஒரே சூட்டில் இரண்டு திசைகளில் இரண்டு அசைவுகள். இவை தொடங்கும்போது ரவை இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. ஆகவே குறி பார்த்து விசையை இழுத்ததோடு வேலை முடிவதில்லை. ரவை வெளியேறும் வரை துப்பாக்கி எப்படி அசைகிறது என்பது நம் தோளும் கன்னமும் இடக்கையும் அதை எப்படி ஏந்தியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இறுக்கிப் பிடித்தால் ரவை ஓரிடத்தில் படும்; தளர்த்திப் பிடித்தால் இன்னோரிடத்தில் படும்; இடக்கையை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்தினால் மூன்றாவது ஓரிடத்தில் படும். முன்னும் பின்னும் வரும் இந்த உதை, வெடிமருந்துத் துப்பாக்கியின் பின்னுதையைத் தாங்குவதற்காகச் செய்த நல்ல தொலைநோக்கிகளைக்கூடச் சில நூறு சூடுகளில் உடைத்துவிடும். அதனால்தான் நான் இரும்புக் குறிமுள்ளோடு நிறுத்திக்கொண்டேன்.

எல்லாரையும் போல நானும் உதையை அடக்கப் பார்த்தேன். பதினைந்து வயதில் அந்தத் துப்பாக்கியைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடித்துச் சுடுவேன். ரவைகள் அட்டை முழுவதும் சிதறிக் கிடக்கும். மாமா கடலுக்குப் போகிறவர். ஒருநாள் அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. “வள்ளத்துல விறைச்சு நின்னா என்ன ஆகும்? தண்ணியிலதான் விழுவே. முட்டியத் தளர்த்தி, அது ஆடுறப்ப கூட ஆடுனா நிக்கலாம். துப்பாக்கியும் அப்படித்தான். அத நீ பிடிக்காத மாப்ளே. உன் கையில உக்கார விடு.” மறுநாளிலிருந்து இடது உள்ளங்கையை விரித்து, விசைக்கூட்டுக்குச் சற்று முன்னால் துப்பாக்கியைச் சும்மா கிடத்தினேன். தோளில் பட்டும் படாமல் வைத்தேன். அது வேண்டியபடி உதைத்துக்கொள்ளட்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கட்டும் என்று விட்டேன். இரண்டு வாரங்களில் 15 மீட்டரில் ஐந்து ரவைகளும் ஒரு கொட்டாங்கச்சியின் வாய்க்குள் அடங்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின.

துப்பாக்கி சுடுபவர்கள் உலகெங்கும் இந்தத் தளர்ந்த பிடியைக் கண்டறிந்து அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பிறகே படித்தேன். மாமாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வள்ளம்.

ஸ்பிரிங் துப்பாக்கியை நான் விரும்புவதற்கு இரண்டாவது காரணம், அது கெட்டாலும் இந்த ஊர்க் கைகளுக்கு அடங்கும் என்பது. ஒருமுறை பலம் குறைந்துகொண்டே வந்தது; பலகையில் புதைய வேண்டிய ரவை, பள்ளம் மட்டும் போட்டுவிட்டுக் கீழே விழுந்தது. கீழக்கரையில் சைக்கிள் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் அழைப்போம். அவரிடம் கொண்டுபோனேன். ஸ்பிரிங் ஏற்றாத நிலையிலும் உள்ளே ஓரளவு அழுந்தியே இருக்கும். திருகாணியைச் சும்மா கழற்றினால் பாய்ந்து வந்து முகத்தைக் கிழித்துவிடும். அது தெரிந்தவர் அவர். பக்கத்து மரப்பட்டறையிலிருந்து, பலகைகளை ஒட்டும்போது இறுக்கும் நீளக் கிளாம்பை வாங்கி வந்து, துப்பாக்கியை அதில் மாட்டி, மெதுவாகத் தளர்த்தி, பிஸ்டனை வெளியே எடுத்தார். அதன் தலையில் இருந்த, கிண்ணம் போல் குழிந்த தோலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “இது சைக்கிள் பம்பு வாஷர்தானே தம்பி! கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்.”

உண்மையும் அதுதான். சைக்கிள் பம்பிலும், தெருவோர அடிபம்பிலும், இந்தத் துப்பாக்கியிலும் காற்றையோ நீரையோ தப்பவிடாமல் பிடிப்பது ஒரே உத்தி: அழுத்தம் கூடக்கூட விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும் தோல் கிண்ணம். காக்கா தடித்த தோலில் ஒரு வட்டம் வெட்டி, நீரில் ஊறவைத்து, மரத்தில் கடைந்த அச்சில் அழுத்தி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, பின் எண்ணெயில் ஊறப்போட்டார். அந்த வாஷர் 11 ஆண்டுகள் உழைத்தது. இடையில் ஒருமுறை ஸ்பிரிங் முறிந்தது. மதுரையில் வாங்கி வந்து நானே மாற்றினேன். துப்பாக்கியின் வயிற்றில் இருப்பவை ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், ஒரு தோல், சில கொக்கிகள். எல்லாவற்றையும் ஒரு முறத்தில் பரப்பி வைத்து எண்ணிவிடலாம்.

கடற்கரையில் அதற்கு ஒரே பகை உப்பு. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று எழுந்துவிட்டால் காற்றிலேயே உப்பு மிதக்கும். சன்னல் கம்பியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த நாள்களில் குழலை வெறுங்கையால் தொட்டுவிட்டு அப்படியே வைத்தால், மறுநாள் காலையில் நம் விரல் ரேகை துருவாகப் பதிந்திருக்கும். பழைய வேட்டித் துணியில் சிறிது எண்ணெய் தொட்டு, சுட்டு முடித்ததும் குழலையும் உருளையையும் துடைத்து வைப்பது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதைப் போன்ற அன்றாட வழக்கம். உப்பு வெளியே இருந்துதான் தாக்குகிறது. வெளியே இருப்பதைக் கண் பார்க்கும், துணி துடைக்கும்.

இப்போது நண்பரின் துப்பாக்கிக்கு வருகிறேன். அதற்கு உரிய மரியாதையைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் அதை எடுத்து 25 மீட்டரில் ஐந்து ரவைகள் சுட்டேன். அதன் தொலைநோக்கியில் தெரியும் குறுக்குக் கோடு அட்டையை விட்டு அசையவே இல்லை. ஐந்து ரவைகளும் ஒரே துளையைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தன. பழைய 25 பைசா நாணயத்தை வைத்தால் மறைந்துவிடும். அதே தொலைவில் என் துப்பாக்கியில் நல்ல மாலையொன்றில் ஐந்து ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வருவேன். கெட்ட மாலைகளைச் சொல்ல வேண்டியதில்லை. பிசிபியின் அமைப்பு அழகானது. உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கிறது. ஒரு காரின் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 90 மடங்கு. விசையை இழுத்ததும் ஒரு சிறு சுத்தியல் வால்வின் தண்டைத் தட்டுகிறது. வால்வு கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத் திறந்து மூடுகிறது. அந்த இடைவெளியில் தப்பிய காற்று ரவையைத் தள்ளுகிறது. அசையும் பாகங்கள் எடை குறைந்தவை. ஆகவே உதை இல்லை. அழுத்தம் குறையக் குறைய ரவையின் வேகம் மாறும் என்பதால், நல்ல பிசிபிகளில் ரெகுலேட்டர் ஒன்று வைத்து, வால்வுக்குப் போகும் அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்துகிறார்கள். முதல் ரவையும் முப்பதாவது ரவையும் ஒரே வேகத்தில் போகும்.

“இதுல நாம பண்ற தப்பைக்கூடத் துப்பாக்கியே மன்னிச்சிரும் அண்ணே” என்றார் நண்பர். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார், பாராட்டுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு என் விடை கிடைத்தது. நான் எப்படி நின்றேன், மூச்சை எங்கே நிறுத்தினேன், விசையை அழுத்தினேனா அல்லது பறித்தேனா என்பவை பற்றியெல்லாம் அந்த அட்டையில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. என் பழைய துப்பாக்கி சுட்ட அட்டையை எடுத்துப் பார்த்தால் அன்றைய மாலை முழுவதும் அதில் இருக்கும்: இரண்டாவது ரவையில் தோளை இறுக்கியது, நான்காவதில் சுட்டது தெரிய வேண்டும் என்ற அவசரத்தில் தலையைத் தூக்கியது. பிசிபியில் சூட்டின் பலம் நேற்றைக்கே அடைத்து வைக்கப்பட்டுவிட்டது. நான் செய்வது அதைத் திறந்துவிடுவது மட்டும். ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒவ்வொரு ரவைக்கும் வேண்டிய பலத்தை, அந்த ரவையைச் சுடுவதற்குச் சற்று முன்னால், என் கைதான் கொடுக்கிறது. 20 ரவைகள் சுட்டால் 20 முறை மடக்க வேண்டும். ஆகவே எந்த ரவையையும் விளையாட்டாகச் செலவழிக்கத் தோன்றுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அந்த நிறுத்தத்தில்தான் நான் போன சூட்டைப் பற்றி யோசிக்கிறேன்.

பிசிபிக்குக் காற்று நிரப்புவது இந்தக் கரையில் தனிக் கதை. நீருக்கடியில் மூச்சுவிட உதவும் டைவிங் சிலிண்டர்களை நிரப்பும் கம்ப்ரசர் பக்கத்தில் இருந்தால் வேலை எளிது. எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் அப்படி ஒன்று இல்லை. நண்பர் கைப்பம்பு வைத்திருக்கிறார். பார்ப்பதற்குச் சைக்கிள் பம்பு போலத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கட்டங்களில் காற்றை நெருக்குவது. கடைசி 20 முறை அடிக்கும்போது உடம்பின் முழு எடையையும் கைப்பிடியின் மேல் போட வேண்டும். நடுநடுவே நிறுத்திப் பம்பைச் சூடு ஆறவிட வேண்டும்.

களைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஈரம்தான் பெரிய தொல்லை. மாலையில் 30 டிகிரி வெப்பமும் முக்கால் பங்கு ஈரப்பதமும் இருக்கும்போது எங்கள் ஊர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். 200 கன சென்டிமீட்டர் உருளையை 200 பாருக்கு நிரப்ப 40 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றையும் ஒரு டம்ளர் இடத்துக்குள் நெருக்கும்போது அதிலிருக்கும் நீராவி ஆவியாகவே நீடிக்க முடியாது; துணியைப் பிழிந்ததுபோல நீராகப் பிரிந்துவிடும். வடிகட்டி இல்லாவிட்டால் ஒவ்வொரு முழு நிரப்பலுக்கும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான நீர் உள்ளே போகக்கூடும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடைத்த வடிகட்டியைப் பம்பில் பொருத்தி, மணிகள் நிறம் மாறியதும் காயவைத்தோ மாற்றியோ பார்த்துக்கொண்டால் பெரும்பகுதி தடைபடும். அதில் சோம்பியவர்களின் வால்வுகள் உள்ளிருந்து அரிக்கப்படும். அதை எந்த வேட்டித் துணியாலும் துடைக்க முடியாது. இங்கே வடிகட்டி இல்லாமல் பிசிபிக்குப் பம்பு அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உயர் அழுத்தம் நிற்கும் பாகங்களில் சாதாரண எண்ணெயையோ கிரீஸையோ தடவக் கூடாது. சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே. டீசல் எஞ்சினைப் பற்றி மேலே சொன்னது இங்கே பல மடங்கு ஆபத்தோடு பொருந்தும்.

நண்பரின் துப்பாக்கி இரண்டாம் ஆண்டில் கசியத் தொடங்கியது. இரவு நிரப்பினால் காலையில் அழுத்தமானியின் முள் பாதியில் நிற்கும். கசிந்த இடம் கடுகளவு தடிமனுள்ள ஒரு ரப்பர் வளையம். அந்த அளவு வளையம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. காக்காவின் கையும் அதற்கு உதவாது. துப்பாக்கியைக் கூரியரில் அனுப்பித் திரும்பப் பெற ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரமும் அவர் மாலை நேரங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து என் துப்பாக்கியைச் சுட்டார். முதல் வாரம் கோபப்பட்டார். மூன்றாவது வாரம் அட்டைகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்.

ஸ்பிரிங் துப்பாக்கியைப் பழையது என்றும் பிசிபியைப் புதியது என்றும் பேசுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதன் அடிக்கட்டையே காற்று உருளை. அதை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை பம்பு அடிக்க வேண்டும். 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்கைக் கடந்து சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரிடமும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. சாதாரண மக்கள் வாங்கிப் பயன்படுத்தும் ஸ்பிரிங் துப்பாக்கி பிரிட்டனில் பரவலானது அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1905-இல் பர்மிங்காமின் பிஎஸ்ஏ நிறுவனம் லிங்கன் ஜெஃப்ரீஸின் வடிவமைப்பைத் தயாரிக்கத் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான். அந்த 1,500 அடிகளிலிருந்து சுடுபவரை விடுவித்ததே ஸ்பிரிங். ஒரு வகையில் பார்த்தால் நண்பர்தான் பழைமைவாதி. அவரிடம் இதைச் சொன்னபோது மகிழ்ந்தார்.

போட்டிக்களத்தில் கதை வேறு. அங்கே உதைக்கு இடமில்லை. 1960-களில் ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம், ஸ்பிரிங் வைத்த இயக்கப் பகுதி முழுவதும் தண்டவாளம் போன்ற சட்டத்தின் மேல் பின்னுக்கு வழுக்கிச் செல்லும்படி அமைத்து, உதை சுடுபவரின் தோளுக்கு வராமல் செய்தது. பிறகு காற்றழுத்த வகைகள் வந்து ஸ்பிரிங்கை முற்றிலும் விலக்கின. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒலிம்பிக் போட்டியாயிற்று. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை அதில்தான் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டதும் அதே போட்டியில்தான். அந்த அட்டையின் நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். பதக்கம் வேண்டும் என்று கேட்டு வரும் எந்தப் பிள்ளையிடமும் ஸ்பிரிங் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டேன்.

பறவைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் கரையில் ஏர்கன் என்றதும் பலர் கொக்கையும் புறாவையும்தான் நினைக்கிறார்கள். மாமாவும் இளமையில் சுட்டிருக்கிறார்; பிற்காலத்தில் அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் வலசை வரும் பறவைகளின் பாதையில் வாழும் நமக்கு, சட்டம் இல்லாவிட்டாலும் அது வெட்கக்கேடுதான். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை என்பதால் அது விளையாட்டுப் பொருளாகிவிடாது. அட்டையும் கொட்டாங்கச்சியும் காய்ந்த பனங்கொட்டையும் போதும்.

என் தங்கையின் மகள் மதுரையில் தங்கிப் படிக்கிறாள். அங்கேயே 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கும் போகிறாள். அவள் கையில் இருப்பது பிசிபி. போன ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது என் துப்பாக்கியைக் கேட்டாள். பயிற்சியில் கற்றபடி கன்னத்தைப் பதித்து, அடிக்கட்டையைத் தோளில் இறுக்கி, மிக ஒழுங்காக நின்று பத்து ரவைகள் சுட்டாள். அட்டையில் பத்துத் துளைகள் பத்துத் திசைகளில் இருந்தன. அவள் முகம் வாடியதைப் பார்த்து, மாமா எனக்குச் சொன்ன வள்ளத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். அன்று மாலை முழுவதும், மறுநாள் மாலையும், அதற்கு மறுநாளும் சுட்டாள். நான்காம் நாள் துளைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. “இதுல சுட்டவுடனே தலையத் தூக்க முடியல மாமா. தூக்கினா உடனே காட்டிக் கொடுத்துருது” என்றாள். மதுரைக்குத் திரும்பிய ஒரு மாதத்துக்குப் பின் தொலைபேசியில் பேசும்போது, சுட்ட பிறகும் நிலை கலையாமல் இருக்கும்படி பயிற்சியாளர் இப்போது தனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்றாள்.

இந்த ஆனி மாதத்தில் மறுபடி வந்தாள். கச்சான் எழுந்துவிட்டது, பனை ஓலைகள் சலசலத்தபடி இருந்தன. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பதுதான் நெடுங்கால வழக்கம். எங்கள் காட்டில் அதில் பாதி வேகம் இருந்தாலே அரை கிராம் ரவை பாதை மாறிவிடும். நாளைக்குச் சுடலாமே என்றேன். அவள் கேட்கவில்லை. குழலை மடக்கி, கையை எடுக்காமல் ரவையைப் பொருத்தி, நிமிர்த்தி, உள்ளங்கையை விரித்துத் துப்பாக்கியை அதில் கிடத்தினாள். நான் அட்டையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைச் சுடவில்லை. அட்டைக்கு வெளியே, பலகையின் மூலையில் இருந்த கரிய கணுவைக் குறித்துச் சுட்டாள். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ரவை இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டது. சிறிது நேரம் அந்த இடத்தையே பார்த்துவிட்டு, அவள் மீண்டும் குழலை மடக்கினாள்.